கொல்லர் மகன் மைக்கேல் பாரடே

மின்விசிறியைச் சுழற்றுவதும், கிணற்று நீரை மேலே ஏற்றுவதும், மாவு அரைப்பதும், ரயில் வண்டியை இழுப்பதும் இன்று மின்சார மோட்டாரே. அதனைக் கண்டுபிடித்தவர் யார் என்று நம் இளைஞருள் ஒருவர் வினவுவாராயின், ஒரே பெயரைச் சொல்லி விடையளித்தல் எளிதன்று. டென்மார்க்கு நாட்டவர் ஒருவர் வழியைத் திறந்தார். ஆங்கிலேயர், அமெரிக்கர், ஜெர்மானியர், ஹங்கேரியர் எனப் பலர் அவ்வழியே நடந்தனர். ஆயினும் மின்சாரத்தைக் கொண்டு ஒரு பொருளை ஓயாது சுற்றிவரச் செய்ய இயலும் என்பதை முதன்முதலில் செய்து காட்டியவர் மைக்கேல் பாரடே. அவர் கல்லூரியில் பயின்றவர் அல்லர். கொல்லர் ஒருவரின் மகன்; புத்தகம் தைத்துக் கட்டும் கடையில் ஏழாண்டு தொழில் பழகியவர். அக்கண்டுபிடிப்பே அவர்மீது திருட்டுப் பழி விழவும் காரணமாயிற்று. பாடநூல்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் அந்தப் பழியின் வரலாற்றையும் சேர்த்தே அவருடைய வாழ்க்கையை ஈண்டு கூற விழைகின்றோம்.

பாரடே 1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், லண்டன் மாநகரை ஒட்டியிருந்த நியூயிங்டன் பட்ஸ் என்னும் இடத்தில் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ், வட இங்கிலாந்தின் மலைப்புறச் சிற்றூர் ஒன்றிலிருந்து பிழைப்பை நாடி வந்தவர். அவர் நோயாளி, பல நாள் உலைக்களத்துக்குச் செல்ல இயலாது படுத்திருப்பார். தாயார் மார்கரெட் நான்கு குழந்தைகளையும் வைத்துக்கொண்டு குடும்பத்தை நடத்தினார். பின்னர் அவர்கள் குடியிருந்த வீடு, வண்டிக் கொட்டகை ஒன்றின் மேலே அமைந்த சில அறைகளே. 1801ஆம் ஆண்டில் தானிய விலை கடுமையாக ஏறியபோது, பத்து வயதை எட்டாத மைக்கேலுக்கு வாரத்துக்கு ஒரு ரொட்டி அளந்து கொடுக்கப்பட்டது. அந்த ஒன்றைத்தான் ஏழு நாளும் வைத்துத் தின்ன வேண்டும்.

பள்ளி வாழ்வும் அவருக்கு நல்லதாக அமையவில்லை. சிறுவனுக்கு ‘ர’ என்னும் ஒலி சரியாக வராது. அண்ணன் ராபர்ட்டின் பெயரையே திருத்தமாகச் சொல்ல முடியாது. ஆசிரியை அதனைக் குறும்பு என்று கருதி, பிரம்பு வாங்கி வரும்படி ராபர்ட்டிடமே அரைப் பென்னி காசு கொடுத்து அனுப்பினார் என்றும், ராபர்ட் அக்காசைச் சுவருக்கு அப்பால் வீசியெறிந்துவிட்டுத் தாயிடம் ஓடிச் சொன்னான் என்றும், தாய் இருவரையும் அப்பள்ளியிலிருந்தே நிறுத்திவிட்டார் என்றும் வரலாற்றாசிரியர் சிலர் கூறுவர். எழுதவும் படிக்கவும் சிறிது கணக்குப் போடவும் கற்றதோடு மைக்கேலின் பள்ளிப் படிப்பு முடிந்தது. பணம் இருந்திருப்பினும் பல்கலைக்கழகக் கதவு திறந்திராது. அக்குடும்பத்தார் சாண்டிமேனியர் என்னும் சிறு கிறித்தவப் பிரிவினர். அரசாங்கத் திருச்சபைக்குப் புறம்பாய் நின்றவர்க்கு அந்நாளில் ஆக்ஸ்போர்டில் இடமில்லை, கேம்பிரிட்ஜில் பட்டமில்லை.

1804ஆம் ஆண்டில், ரீபோ என்னும் பிரெஞ்சுக்காரர் லண்டனில் நடத்திய புத்தகக் கடையில் மைக்கேல் எடுபிடிச் சிறுவனாகச் சேர்ந்தான். செய்தித்தாள்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து, படித்து முடித்தபின் திரும்பப் பெற்று, அடுத்த வீட்டுக்குக் கொண்டு செல்வது அவன் வேலை. மறு ஆண்டு ரீபோ அவனைப் புத்தகம் கட்டும் தொழிலுக்கு ஏழாண்டுப் பயிற்சியில் எடுத்துக்கொண்டார். அத்தகைய பயிற்சிக்குப் பெற்றோர் ஒரு தொகை கட்டுவது வழக்கம். ரீபோ அதனை வாங்கவில்லை. இந்த ஒரு பெருந்தன்மையை நாம் குறித்து வைத்துக்கொள்ளல் தகும்.

கடைக்கு வரும் நூல்களைத் தைத்துப் பசையிட்டுத் தோலுறை போடுவது தொழிலாளியின் கடமை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது அவன் கவலையன்று. மைக்கேல் அந்த எல்லையில் நிற்கவில்லை. பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியம் கட்டுவதற்கு வந்தபோது அதில் மின்சாரம் பற்றிய கட்டுரையைப் படித்தார். ஜேன் மார்செட் அம்மையார் எளிய நடையில் எழுதிய வேதியியல் உரையாடல் நூலைப் படித்தார். படித்ததை அப்படியே நம்பிவிடாமல், கையிலுள்ள சில்லறையில் வாங்கக் கூடிய பொருள்களைக் கொண்டு தாமே செய்து பார்த்தார். அரைப் பென்னிக் காசுகளையும் துத்தநாகத் தகட்டிலிருந்து வெட்டிய வில்லைகளையும் மாறி மாறி அடுக்கி, இடையிடையே உப்பு நீரில் நனைத்த காகிதத்தை வைத்து ஒரு சிறு மின்னடுக்கு அமைத்தார். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றபின், தம் ஆய்வுக் கட்டுரைகளை மார்செட் அம்மையாருக்கு நன்றிக் காணிக்கையாக அனுப்பி வந்தார்.

1810ஆம் ஆண்டு தந்தையார் காலமானார். அவ்வாண்டில் டேட்டம் என்பவர் தம் வீட்டில் மாலைநேர அறிவியற் சொற்பொழிவுகள் நடத்தி வந்தார். ஒரு சொற்பொழிவுக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். பயிற்சித் தொழிலாளியான மைக்கேலிடம் அத்தொகை ஏது? அண்ணன் ராபர்ட் அப்போது தந்தையைப் போலவே கொல்லராகி உழைத்துக்கொண்டிருந்தார். அந்த ஷில்லிங்குகளை அவரே கொடுத்தார். கேட்டவற்றையெல்லாம் மைக்கேல் குறிப்பெடுத்து, படம் வரைந்து, தம் கையாலேயே கட்டி நூலாக்கினார். படம் வரையும் முறையை ரீபோவின் வீட்டில் தங்கியிருந்த ஓவியர் ஒருவரிடம் கற்றார் என்றும், அதற்குக் கைம்மாறாக அவ்வோவியரின் காலணிகளைத் துடைத்து மெருகிட்டார் என்றும் கூறுவர்.

ரீபோவுக்கு இக்குறிப்பேடுகளைப் பற்றிப் பெருமை. கடைக்கு வருவோர்க்கெல்லாம் எடுத்துக் காட்டுவார். டான்ஸ் என்னும் வாடிக்கையாளர், ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் அறிவியல் நிலையத்தில் சர் ஹம்ப்ரி டேவி ஆற்றவிருந்த கடைசி நான்கு சொற்பொழிவுகளுக்கு அனுமதிச் சீட்டு வாங்கிக் கொடுத்தார். ஆண்டு 1812. டேவி அந்நாளில் ஐரோப்பா போற்றிய வேதியியல் அறிஞர். அவர் பேச்சைக் கேட்கச் சீமான்களும் சீமாட்டிகளும் திரள்வார்கள். கடிகாரத்துக்கு மேலிருந்த மாடத்தில் அமர்ந்து மைக்கேல் கேட்டார், குறிப்பெடுத்தார், அவற்றை ஏறத்தாழ 300 பக்கம் கொண்ட நூலாக விரித்தெழுதிக் கட்டினார்.

பயிற்சிக் காலம் முடிந்து புத்தகம் கட்டும் கூலித் தொழிலாளியானபோது, வாழ்நாள் முழுவதும் அதுவே கதியோ என்ற அச்சம் அவரைப் பற்றியது. ராயல் கழகத்தின் தலைவருக்கு, ஆய்வுக்கூடத்தில் எத்துணைக் கீழான வேலையானாலும் தருமாறு கடிதம் எழுதினார். விடை கேட்டுச் சென்றபோது, பதில் எதுவும் இல்லை என்று வாயிற்காவலன் சொல்லி அனுப்பினான். பிறகு தாம் கட்டிய அந்தக் குறிப்பு நூலை, கடிதத்தோடு டேவிக்கே அனுப்பிவைத்தார். டேவி அழைத்துப் பேசினார். அறிவியலை நம்பாமல் கைத்தொழிலையே பற்றியிருக்கும்படி அறிவுரை கூறினார். சில வாரங்களில் நிலைமை மாறிற்று. ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் சண்டையிட்டதற்காக நீக்கப்பட்டார். 1813 மார்ச்சு முதல் நாள், வாரம் 25 ஷில்லிங் ஊதியத்தில், நிலையத்தின் மேல்மாடியில் இரண்டு அறையும் எரிக்க நிலக்கரியும் மெழுகுவர்த்தியும் பெற்றுப் பாரடே பணியில் அமர்ந்தார்.

அவ்வாண்டு அக்டோபரில் டேவி தம் மனைவியோடு ஐரோப்பியச் சுற்றுப்பயணம் புறப்பட்டார். பாரடேயை அறிவியல் உதவியாளராக உடன் அழைத்துக்கொண்டார். பணியாள் கடைசி நேரத்தில் வர மறுத்துவிட்டான். பாரிசில் வேறு ஆள் கிடைக்கும் வரை அவ்வேலையையும் சேர்த்துப் பார்க்கும்படி பாரடேயிடம் சொல்லப்பட்டது. வேறு ஆள் கிடைக்கவே இல்லை. ஒன்றரை ஆண்டு அவர் பாதி ஆய்வாளராகவும் பாதி வேலைக்காரராகவும் பிரான்சு, இத்தாலி, சுவிட்சர்லாந்து முழுவதும் சுற்றினார். டேவியின் மனைவியோ அவரை வேலைக்காரராகவே நடத்துவதில் மிகக் கண்டிப்பானவர். ஜெனிவா நகரில் டெ லா ரீவ் என்னும் அறிஞர் பாரடேயின் திறமையைக் கண்டு தம் மேசைக்கு உணவருந்த அழைத்தார் என்றும், டேவி அதற்கு இசையாமையால் வேறோர் அறையில் அவருக்கெனத் தனியே உணவு வைக்கச் செய்தார் என்றும் ஒரு செய்தி வழங்குகின்றது.

தனியே இலை போடுவதன் பொருளை நம் வாசகர்க்கு விளக்க வேண்டுவதில்லை. எனினும் இங்கிலாந்தின் வகுப்பு வேற்றுமையும் நம் நாட்டுச் சாதியும் ஒன்றெனக் கொள்ளுதல் பிழையாகும். அங்கே ஒருவர் உயர்ந்துவிட்டால் பிறந்த குடி அவரைச் சாகும் வரை தொடர்வதில்லை. டேவியே அதற்குச் சான்று. அவர் மரச் சிற்ப வேலை செய்த ஒருவரின் மகன். மருந்து செய்வாரிடம் பயிற்சிக்கு விடப்பட்டவர். அவரே இப்போது சர் பட்டம் பெற்ற பெருமகன். இதனை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

1820ஆம் ஆண்டில் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் எர்ஸ்டெட் என்னும் பேராசிரியர் ஒன்று கண்டார். மின்கலத்தோடு இணைத்த கம்பி ஒன்றின் அருகே காந்த ஊசியை வைத்தால், மின்னோட்டம் பாயும்போது ஊசி திரும்புகின்றது. கம்பியின் போக்கிலேயே நில்லாமல் அதற்குக் குறுக்காக நிற்க முயல்கின்றது. மின்சாரமும் காந்தமும் வெவ்வேறு என்று எண்ணியிருந்த உலகுக்கு இது பேரதிர்ச்சி. பாரிசில் ஆம்பியர் சில வாரங்களில் இதற்குக் கணித வடிவம் கொடுக்கத் தொடங்கினார். லண்டனில் உல்லாஸ்டன் என்னும் மதிப்புமிக்க அறிஞர், காந்தத்தைக் கொண்டுவந்தால் மின்கம்பி தன் அச்சிலேயே பம்பரம்போல் சுழல வேண்டும் என்று கருதினார். 1821 ஏப்ரலில் டேவியின் ஆய்வுக்கூடத்தில் அதனைச் செய்து பார்த்தனர். கம்பி சுழலவில்லை. அச்சோதனையின்போது பாரடே அங்கில்லை. பின்னர் இருவரும் அது குறித்துப் பேசிக்கொண்டதைக் கேட்டார்.

அந்தக் கோடையில், நண்பர் பிலிப்ஸ் என்பவர் தம் இதழுக்காக மின்காந்த ஆய்வுகளின் வரலாற்றை எழுதித் தருமாறு பாரடேயைக் கேட்டார். இத்தகைய கட்டுரையைப் பிறர் நூல்களைப் பார்த்தே எழுதிவிடுவர் பலர். பாரடே ஒவ்வொரு சோதனையையும் தாமே மீண்டும் செய்து பார்த்து எழுதினார். அவ்வாண்டு ஜூன் 12ஆம் நாள்தான் அவருக்கும் சாரா பர்னார்டுக்கும் திருமணமாயிற்று. இருவரும் நிலையத்தின் மேல்மாடி அறைகளிலேயே குடியிருந்தனர். செப்டம்பர் 3ஆம் நாள், கம்பியின் அருகே காந்த ஊசியைப் பல இடங்களில் வைத்து வைத்துப் பார்த்தபோது, அவருக்கு ஒன்று தெளிவாயிற்று. காந்தத்தின் முனை கம்பியை நேராக இழுப்பதுமில்லை, நேராகத் தள்ளுவதுமில்லை. அது பக்கவாட்டில் தள்ளுகின்றது. தடையின்றி விட்டால் கம்பி அம்முனையைச் சுற்றி வட்டமிட்டாக வேண்டும்.

அதனைக் கண்ணுக்குக் காட்ட அவர் அமைத்த கருவி மிக எளியது. ஆழமான கிண்ணம் ஒன்றின் அடியில் மெழுகை வைத்து அதில் சட்டக் காந்தம் ஒன்றை நிமிர்த்தி நிறுத்தினார். காந்தத்தின் மேல்முனை மட்டும் சற்றே தெரியும்படி கிண்ணத்தில் பாதரசம் ஊற்றினார். மேலிருந்து ஒரு கம்பியைத் தளர்வாகத் தொங்கவிட்டு, அதன் கீழ்நுனி பாதரசத்தில் தோயுமாறு செய்தார். பாதரசம் உலோகமாதலின் மின்சாரம் அதன் வழியே செல்லும். நீர்மமாதலின் கம்பியின் நகர்வைத் தடுக்காது. மின்கலத்தின் ஒரு முனையைக் கம்பியோடும் மற்றொன்றைப் பாதரசத்தோடும் இணைத்ததும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுற்றி வரத் தொடங்கிற்று. மின்னோட்டம் உள்ளவரை அது நிற்கவில்லை. முனைகளை மாற்றி இணைத்தால் எதிர்த்திசையில் சுற்றிற்று. பிறகு கம்பியை அசையாமல் நிறுத்திக் காந்தத்தை மிதக்கவிட்டுப் பார்த்தார். இப்போது காந்தம் கம்பியைச் சுற்றிற்று. உடனிருந்த மைத்துனன் ஜார்ஜ் என்னும் சிறுவனோடு சேர்ந்து மேசையைச் சுற்றி ஆடினார் என்றும், அன்று மாலை அவனைக் குதிரைச் சர்க்கஸ் பார்க்க அழைத்துச் சென்றார் என்றும் சொல்வதுண்டு. அவருக்கு முப்பது வயது நிரம்ப இன்னும் சில நாள்கள் இருந்தன.

பாரடே கண்டதை உடனே எழுதினார். அக்டோபரில் கட்டுரை வெளியாயிற்று. மறுநாள் தொட்டுப் பழி கிளம்பிற்று. உல்லாஸ்டனின் கருத்தை அவர் திருடிக்கொண்டார். எசமானர்கள் பேசியதை ஒட்டுக்கேட்டுத் தம்முடையதாக்கிக்கொண்டார் என்று லண்டன் அறிவியல் வட்டாரத்தில் பேச்சுப் பரவிற்று.

இதில் உண்மை எவ்வளவு என்பதை நடுநிலையோடு பார்ப்போம். உல்லாஸ்டன் எதிர்பார்த்தது கம்பி தன் அச்சில் தானே சுழல்வதை. பாரடே கண்டது கம்பி காந்த முனையைச் சுற்றி வட்டமிடுவதை. இரண்டும் வேறு, முன்னது அந்த ஏப்ரல் சோதனையில் நிகழவே இல்லை. ஆகவே திருட்டு என்பது பொய். ஆயினும் உல்லாஸ்டன் இத்துறையில் முயன்றுகொண்டிருந்தார் என்பது பாரடேக்குத் தெரியும். கட்டுரையில் அவர் பெயரை ஒரு வரியில் குறிப்பிட்டிருக்க வேண்டும். உல்லாஸ்டனைப் பார்த்து இசைவு பெறச் சென்றதாகவும், அவர் ஊரில் இல்லாமையால் பெயரைக் குறிப்பிடாமல் விட்டதாகவும் பாரடே பின்னர் விளக்கினார். அது அவசரத்தால் நேர்ந்த பிழை. பெருஞ்செல்வர் ஒருவர் இதே பிழையைச் செய்திருந்தால் கவனக்குறைவு என்று சொல்லி விட்டிருப்பார்கள். புத்தகம் கட்டிய கை செய்தமையால் திருட்டு என்றார்கள். அவ்வாறே நாம் கருதுகின்றோம்.

பாரடே ஒளிந்துகொள்ளவில்லை. அக்டோபர் இறுதியில் உல்லாஸ்டனுக்கே கடிதம் எழுதி, தம்மீது குறை உண்டாயின் நேரில் விளக்க வாய்ப்பளிக்குமாறு வேண்டினார். உல்லாஸ்டன் பண்பாளர்; தமக்கு அதில் பெரிய வருத்தமில்லை என்னும் கருத்தில் விடையளித்தார். அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் சமயத்தில், காந்தமே வைக்காமல் புவியின் காந்த ஆற்றலை மட்டும் கொண்டு பாரடே கம்பியைச் சுற்றச் செய்தபோது, உல்லாஸ்டனே வந்து பார்த்துச் சென்றார். தாம் கண்டது உண்மை என்பதை எவரும் தம் வீட்டிலேயே சோதித்தறியும்பொருட்டு, சட்டைப்பைக்குள் அடங்கும் சிறு கருவிகள் செய்து ஐரோப்பிய அறிஞர் பலருக்கும் பாரடே அனுப்பினார். பழியைத் தீர்க்க இதனினும் நேரிய வழி ஒன்று உண்டோ?

ஆனால் டேவியின் மனம் ஆறவில்லை. 1823ஆம் ஆண்டு நண்பர்கள் பாரடேயை ராயல் கழகத்தின் உறுப்பினராக முன்மொழிந்தனர். அப்போது அக்கழகத்தின் தலைவர் டேவி. முன்மொழிவுப் பத்திரத்தை எடுத்துவிடுமாறு பாரடேயிடம் அவர் கூறினார். அதனை வைத்தவர் தாம் அல்லர், முன்மொழிந்தவர்கள். ஆகவே எடுக்க இயலாது என்றார் பாரடே. அப்படியாயின் அவர்களிடம் சொல்லி எடுக்கச் செய் என்றார் டேவி. அவர்கள் எடுக்கமாட்டார்கள் என்றார் பாரடே. தலைவர் என்ற முறையில் தாமே எடுத்துவிடுவதாக டேவி சொன்னபோது, கழகத்தின் நன்மைக்கு உகந்தது எதுவோ அதனையே அவர் செய்வார் என்று தாம் நம்புவதாகப் பாரடே பணிவோடு கூறி நின்றுகொண்டார். அவ்வாண்டிலேயே நடந்தவற்றையெல்லாம் நாள்வாரியாக விளக்கி ஒரு வரலாற்று அறிக்கையும் வெளியிட்டார். நாள்தோறும் செய்ததை எழுதிவைக்கும் வழக்கம் அவரிடம் இருந்தமையால் அது இயன்றது. எதிர்த்து நின்ற உல்லாஸ்டனின் நண்பர் ஒருவர் அதன்பின் தம் எதிர்ப்பைக் கைவிட்டார். 1824 சனவரி 8ஆம் நாள் இரகசிய வாக்கெடுப்பு நடந்தது. பெட்டியில் எதிர்ப்பைக் குறிக்கும் கருங்குண்டு ஒன்றே ஒன்று விழுந்திருந்தது. பாரடே உறுப்பினரானார். அந்த ஒற்றைக் குண்டு எவர் கையிலிருந்து விழுந்தது என்பதைப் பற்றிப் பலரும் ஒரே மாதிரி ஊகித்தனர்.

தாழ்ந்த நிலையிலிருந்து ஏணியில் ஏறிய ஒருவர், பின்னால் ஏறிவருபவனைக் கண்டு ஏணியை இழுக்க முயன்ற காட்சி வருத்தந்தருவது. ஆயினும் டேவிக்கும் நாம் நீதி செய்ய வேண்டும். பாரடேக்கு முதல் வேலையைக் கொடுத்தவர் அவர். 1825ஆம் ஆண்டில் ஆய்வுக்கூட இயக்குநராகப் பாரடேயை உயர்த்தப் பரிந்துரைத்தவரும் அவரே. 1829ஆம் ஆண்டு டேவி ஜெனிவாவில் காலமானார். பாரடே தம் வாழ்நாள் முழுவதும் அவரைப் பற்றி மரியாதையோடன்றிப் பேசியதில்லை.

பாதரசக் கிண்ணத்தில் சுற்றிய கம்பி விளையாட்டுப் பொருளாகவே இருந்தது. அதனால் ஓர் இலையைக்கூட நகர்த்த இயலாது. அதிலிருந்து வேலை செய்யும் மோட்டார் பிறந்த கதை தனி. 1822இல் பார்லோ ஒரு சக்கரத்தைச் சுழலச் செய்தார். இளமையில் செருப்புத் தொழில் பயின்று பின் படையில் சிப்பாயாக இருந்த ஸ்டர்ஜன், 1825இல் இரும்பில் கம்பியைச் சுற்றி மின்காந்தம் செய்தார். ஹங்கேரியில் யெட்லிக்கும் அமெரிக்காவில் ஜோசப் ஹென்றியும் தத்தம் முறையில் மின்காந்தத்தைக் கொண்டு இயங்கும் கருவிகளை அமைத்தனர். 1838இல் ஜாக்கோபி என்பவர் ரஷ்யாவின் நேவா ஆற்றில் மின்கலத்தால் ஒரு படகையே ஓட்டினார்.

இவர்களுள் ஒருவரைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அவர் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்துக் கிராமக் கொல்லர் தாமஸ் டேவன்போர்ட். 1833இல் இரும்புச் சுரங்கத் தொழிற்சாலை ஒன்றில் கனிமத்தைப் பிரிக்கப் பயன்படுத்திய மின்காந்தத்தைக் கண்டு மனத்தைப் பறிகொடுத்தார். சகோதரரின் குதிரையை விற்ற பணத்தையும் சேர்த்து அதனை வாங்கினார். வாங்கியதும் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்றறியப் பிரித்துப் போட்டார். கம்பிகள் ஒன்றோடொன்று தொடாதிருக்கப் பட்டுத்துணி சுற்ற வேண்டும். அவர் மனைவி எமிலி தம் திருமணப் பட்டாடையைக் கிழித்துக் கொடுத்தார் என்பர். 1834இல் அவருடைய மோட்டார் சுழன்றது. 1837 பிப்ரவரி 25ஆம் நாள் காப்புரிமையும் கிடைத்தது. அதனைக் கொண்டு சிறு ரயில் பொம்மையை ஓட்டினார். அச்சு யந்திரத்தை இயக்கினார். ஆனால் வாங்குவார் இல்லை. அந்நாளில் மின்சாரம் பெறுவதற்கு மின்கலத்தில் துத்தநாகத்தைக் கரைக்க வேண்டும். நீராவி யந்திரத்தில் நிலக்கரியை எரிப்பதைவிட அதற்குச் செலவு பன்மடங்கு. டேவன்போர்ட் 1851இல் வறியவராகவே இறந்தார்.

அந்த முட்டுக்கட்டையை நீக்கியவரும் பாரடேயே. மின்சாரம் காந்தத்தை ஆக்குமாயின் காந்தம் ஏன் மின்சாரத்தை ஆக்கலாகாது என்னும் வினா பத்தாண்டு அவர் மனத்தில் இருந்தது. 1831 ஆகஸ்டு 29ஆம் நாள், ஆறு அங்குல விட்டமுள்ள இரும்பு வளையம் ஒன்றின் இரு பக்கமும் கம்பிச் சுருள் சுற்றி, ஒன்றில் மின்னோட்டத்தைச் செலுத்தினார். மற்றச் சுருளோடு இணைத்த ஊசி ஒரு கணம் துள்ளி ஓய்ந்தது. மின்னோட்டத்தை நிறுத்தியதும் மீண்டும் ஒரு கணம் துள்ளிற்று. மாறும்போது மட்டுமே விளைவு என்பதை உணர்ந்தார். அக்டோபர் 17ஆம் நாள், சுருளுக்குள் காந்தத்தை நுழைத்தும் வெளியே இழுத்தும் மின்சாரம் உண்டாக்கினார். அம்மாத இறுதியில், பெரிய காந்தம் ஒன்றின் முனைகளுக்கிடையே செம்புத் தட்டைச் சுழற்றித் தொடர்ச்சியான மின்னோட்டம் பெற்றார். மின்சாரத்தால் சுழற்சி வந்தது 1821இல். சுழற்சியால் மின்சாரம் வந்தது 1831இல். துத்தநாகத்தைக் கரைக்காமலே நீராவியாலும் அருவி நீராலும் மின்சாரம் ஆக்க வழி பிறந்தது இவ்வாறே.

1873இல் வியன்னா நகரப் பொருட்காட்சியில், தச்சுத் தொழிலிலிருந்து வந்தவரான கிராம் செய்த டைனமோ ஒன்றின் மின்சாரத்தை அதைப் போன்ற மற்றொரு டைனமோவுக்குச் செலுத்தினர். அது மோட்டாராகச் சுழன்று நீரை இறைத்தது. மோட்டார் ஆலைக்குள் நுழையத் தொடங்கியது அதன்பின்னரே. அதனைப் பார்க்கப் பாரடே இல்லை.

அவர் கணிதம் அறியாதவர். தம் கண்டுபிடிப்புகளைச் சமன்பாடுகளாக எழுத அவரால் இயலவில்லை. காந்தத்தைச் சுற்றி இரும்புத் துகள்கள் காட்டும் கோடுகளையே சிந்தனைக்குத் துணையாகக் கொண்டார். அக்கோடுகளை மேதைகள் சிலர் எள்ளினர். மாக்ஸ்வெல் என்னும் இளைஞர் அவற்றையே கணிதமாக்கினார். செல்வர்களுக்கு ஆலோசனை கூறிப் பெரும்பொருள் ஈட்டும் வாய்ப்பு வந்தபோது ஆய்வுக்காக அதனை விட்டார். சர் பட்டத்தை வேண்டாமென்றார். ராயல் கழகத்தின் தலைமைப் பதவி தேடிவந்தபோதும் மறுத்தார். ஆனால் கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்களுக்குச் சொற்பொழிவு ஆற்றுவதை மட்டும் விடவில்லை; 1827 முதல் 1860 வரை 19 முறை அத்தொடரை நடத்தினார். ஒரு மெழுகுவர்த்தி எரிவதை வைத்துக்கொண்டே வேதியியல் முழுவதையும் அவர்களுக்குச் சொல்லிவிடுவார்.

முதுமையில் நினைவாற்றல் அவரை விட்டு மெல்ல நீங்கிற்று. விக்டோரியா அரசியார் ஹாம்ப்டன் கோர்ட்டில் அளித்த வீட்டில் சாரா அம்மையாரின் துணையோடு கடைசி ஆண்டுகளைக் கழித்தார். 1867 ஆகஸ்டு 25ஆம் நாள் தம் நாற்காலியில் அமர்ந்தவாறே உயிர்நீத்தார். அரச மரியாதையின்றி ஹைகேட் இடுகாட்டில், திருச்சபைக்குப் புறம்பானவர்க்கென ஒதுக்கிய பகுதியில் அடக்கம் செய்தனர். கல்லில் பெயரும் பிறந்த நாளும் இறந்த நாளும் மட்டுமே உள்ளன. 1812இல் நான்கு சீட்டுகளால் கேட்டு எழுதி, தைத்து, பசையிட்டு, உறை போட்டு டேவிக்கு அனுப்பிய அந்தக் குறிப்பு நூல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் காக்கப்பட்டு வருகின்றது.